மக்ரூன் மேல் ஒரு மார்கழி

வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி. அந்த டீ விருந்தில் நான் பேசாமல் கல்கல் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தால் இன்று எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா நம் ஊர்க்காரர்தான். ஆனால் இளம் வயதில் ஒரு வருஷம் ஸ்காட்லாந்தில் படித்துவிட்டு வந்தவர். செங்கல்பட்டு ஜங்ஷனைச் சுற்றியிருந்த அத்தனை ஜனத்திலும் பனி பெய்து பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்பதில் எங்களுக்கெல்லாம் ஏதோ நாங்களே பார்த்த மாதிரிப் பெருமை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின சனிக்கிழமை ஆசிரியைகள் எல்லாரையும் மகாபலிபுரத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப்போய் டீ கொடுப்பார். கேக் இருக்கும், கல்கல் இருக்கும், அச்சுமுறுக்கு இருக்கும். எல்லாம் முடிந்தபின் ஜன்னல் வழியே கடலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். "எல்லாம் இருக்கு. ஸ்நோதான் இல்ல."

அந்தப் பெருமூச்சை நாலு வருஷமாகக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. "அம்மா, அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஸ்நோவை நான் கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் எனக்கு ரோஷம் வரும். "மக்ரூன் மேல போட்டுக் கொண்டுவரேன், பாருங்க" என்று அந்தச் சவடாலுக்கு ஒரு வாலையும் ஒட்டினேன்.

நான் பிறந்தது தூத்துக்குடி. அங்கே மக்ரூன் தெரியாத குழந்தை கிடையாது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரை போட்டு நுரைக்க அடித்து, இடித்த முந்திரிப்பருப்பைக் கலந்து, லேசான சூட்டில் உலர்த்தி எடுத்தால் நாக்கில் வைத்ததும் கரையும். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டிலேயே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் வாயை விட்டுவிட்டு, ஒரு வருஷம் இருக்கிறதே என்று மறந்தும் போனேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மறக்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் ஆசிரியைகள் அறையில் எல்லார் முன்னாலும், "என் ஸ்நோ எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டார். கையோடு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையையும் கொடுத்தார். அதில் நீல வானம், அதிலிருந்து ஆறு முனை கொண்ட வெள்ளைச் சில்லுகள் இறங்கிக்கொண்டிருந்தன. "கிட்ட வெச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணும் இப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில விழுந்தா ஒரு மூச்சு விடற நேரம் பார்க்கலாம். அப்புறம் வெறும் தண்ணி" என்றார். நான் அட்டையை வாங்கிக்கொண்டு அசட்டுத்தனமாகச் சிரித்தேன்.

அன்றைக்கே அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். எங்கள் டிராயிங் டீச்சர் கல்யாணமாகி வேலூருக்குப் போகிறாள். ஜனவரியிலிருந்து டிராயிங்கும் தையலும் சொல்லித்தர ஆள் வேண்டும். "மெட்ராஸிலேருந்து சர்டிபிகேட்டோட ஒரு பொண்ணு எழுதிப் போட்டிருக்கா. சர்டிபிகேட்டை நான் சுவத்துல மாட்டவா? எனக்குக் கையைப் பார்க்கணும்."

கை என்றதும் எனக்குச் சட்டென்று பின்வீட்டுப் பெண்ணின் ஞாபகம் வந்தது.

அவள் வீட்டுக் கொல்லைக்கும் எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அவளுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். கல்யாணமான மறுவருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட, அண்ணன் வீட்டோடு வந்து இருந்தாள். அண்ணன் கோயிலில் கணக்கு எழுதுபவர். சுத்த சைவக் குடும்பம். தாலி இழந்தவள் வாசலில் கோலம் போடக்கூடாது என்பது அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத சட்டம். அதனால் அந்த வீட்டு வாசலில் அண்ணிதான் போடுவாள். அண்ணி தங்கமான பெண், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவள் போடும் கோலத்தைப் பார்த்தால் கோழி கிளறிவிட்டுப் போனதோ என்று தோன்றும்.

ஒருநாள் துணி உலர்த்தப் போனபோது, பின்வீட்டுப் பெண் பாத்திரம் தேய்க்கும் கல்லின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கையில் பாத்திரம் இல்லை. அடுப்புச் சாம்பலைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே பிடித்துக் கல்லின்மேல் விட்டுக்கொண்டிருந்தாள். கல் முழுக்க ஒரு தேர் எழும்பியிருந்தது. அச்சு, சக்கரம், தொங்கல், உச்சிக் கலசம், எல்லாம் ஒரே இழையில். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தவுடன் ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டாள். தேர் சாக்கடையில் ஓடியது. எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்தே இருப்பேன், சுவர் நடுவில் இருந்தது.

"ஏம்மா ஊத்தின?" என்றேன்.

"இன்னாக்கா பண்றது? அண்ணி வந்தா மனசு கஷ்டப்படுவாங்க" என்றாள். அவள் பேச்சில் யார்மேலும் வருத்தம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தப் பெண்ணை அண்ணன் குடும்பம் தை பிறந்ததும் வாலாஜாபேட்டைக்கு, செத்துப்போன புருஷனின் வீட்டாரிடம் அனுப்புவதாக முடிவு செய்திருந்தார்கள். அங்கே பெரிய குடும்பம், சமைக்க ஆள் வேண்டுமாம். அவளைக் கேட்டேன், உனக்குச் சம்மதமா என்று. "சோறு ஆக்கறதுக்கு எனக்கு இன்னாக்கா? எங்க போனாலும் அதான். ஆனா அந்த வூட்ல பாத்திரம் தேய்க்கிற கல்லு எல்லாரும் பாக்கற மாதிரி முத்தத்துலயே கீது" என்றாள்.

அது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அங்கே ஒளிந்து சாம்பல் கோலம்கூடப் போட முடியாது என்று புரிந்தவுடன், இந்த டிராயிங் வேலை அவளுக்குக் கிடைத்தே தீரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அவளிடம்கூடக் கேட்கவில்லை. எட்டாவது படித்திருந்தாள், தையல் ஊசி அவள் சொன்னபடி கேட்கும், அது போதாதா?

காகிதமும் பென்சிலும் கொடுத்து, அந்தக் கிறிஸ்துமஸ் அட்டையைப் பார்த்து வரையச் சொன்னேன். அங்கேதான் முதல் அடி விழுந்தது. அவள் பென்சிலைப் பிடித்தவுடன் விரல் விறைத்துப்போயிற்று. கோடு நடுங்கியது, முனை உடைந்தது. "இது தொட்டுகினே போவுதுக்கா. தொட்டா எனக்கு வராது. மேலேருந்து வுடணும்" என்றாள். கோல மாவு விழுந்து விழுந்தே பழகிய கை. இதை எப்படி நான் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குக் காட்டுவது? பாத்திரம் தேய்க்கும் கல்லையா பெயர்த்துக்கொண்டு போவது?

அவளோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்த எனக்குத் தெரியும்க்கா. இடுக்குப் புள்ளி. நடுவுல மூணு, மேல ரெண்டு, கீழ ரெண்டு" என்றாள். அப்புறம் முகத்தைச் சுளித்தாள். "ஆனா பாதியிலயே வுட்டுட்டாங்க. முனையெல்லாம் தொறந்துகினு கீது பாருங்க. யாரோ அவசரமா எழுந்து போயிட்டாங்க போல."

அந்த நொடியில் எனக்கு யோசனை வந்துவிட்டது. சர்க்கரையை மாவாக இடித்துச் சலித்தால் அதுவும் மேலேயிருந்து விடுகிற பொடிதானே! மக்ரூனைக் கூம்பாக வைக்காமல் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக வார்த்தால் அதுவும் ஒரு தரைதானே! என் சவடாலும் காப்பாற்றப்படும், அவள் கையும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்ணில் படும். நான் சுவரைத் தட்டிக் குதித்ததில் வளையல் உடைந்தது.

"மக்ரூன்ல முட்டை உண்டே" என்று நானே நினைவுபடுத்தினேன். மறைத்து ஒரு காரியம் செய்ய எனக்கு வராது.

அவள் யோசித்தாள். "நான் தொடவே போறதில்லியே. மேலேருந்து வுடறதுதானே. நீங்க தட்டப் புடிச்சுக்கோங்க."

"கோலம்?"

"வாசல்ல போடக்கூடாதுன்னுதான் சொல்லிகீறாங்க. துன்ற பண்டத்து மேல போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே, அக்கா." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. என் வீட்டுக்காரர் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். சுடும் அடுப்பு வேண்டும் என்றேன். "ஸ்நோ சுடறியா? மூஞ்சில பூசிக்கிற ஸ்நோ டப்பாவா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே, ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பக்கவாட்டில் வெட்டி, உள்ளே கம்பித் தட்டு பொருத்தி, கதவுக்குக் கீல்கூட வைத்துக்கொடுத்தார். அடியில் மணல், மணலுக்குக் கீழே தணல், மேலே தகரத்தில் இன்னும் கொஞ்சம் தணல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் தென்னை ஈர்க்குகளைக் கட்டி வெள்ளைக்கருவை அடிப்பேன். கை ஓய்ந்தால் அவர் அடிப்பார். "எஞ்சினுக்கு ரிவிட் அடிக்கிறது இத்தவிட சுளுவு" என்பார். ஆனாலும் நுரை கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கிற பதம் வரும்வரை விடமாட்டார். கிண்ணத்தை என் தலைக்குமேல் கவிழ்த்துத்தான் சோதிப்பார்.

வெள்ளை மக்ரூன்மேல் வெள்ளைப் பொடி எப்படித் தெரியும்? நிறம் வேண்டும். அட்டையில் இருப்பது போல நீலம். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைப் போடலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். டீச்சர்களையெல்லாம் ஒரே நாளில் கொல்ல உத்தேசமா என்று கேட்டேன். பின்வீட்டுப் பெண்தான் வழி சொன்னாள். அவர்கள் வீட்டு வேலியில் பூஜைக்குப் பறிக்கும் சங்குப்பூ கொட்டிக் கிடந்தது. அதை நிழலில் காயவைத்து, பொடித்து, சுவருக்குமேல் நீட்டினாள். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். நுரையில் தூவியதும் கிண்ணத்தில் வானமே இறங்கிவிட்டது. நான் ஆனந்தத்தில் கத்தினேன். அப்புறம், நுரை இறுகட்டும் என்று பழக்கதோஷத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்.

எங்கள் கண் முன்னாலேயே நீலம் ஊதாவாக மாறியது. கத்தரிக்காய் ஊதா. மூன்று பேரும் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றோம். "ஸ்காட்லாந்துல இன்னா, கத்திரிக்கா மழையா பெய்யுது?" என்றார் என் வீட்டுக்காரர். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உள்ளிருந்து அண்ணி, "இன்னாடி அங்க?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தாள்.

எலுமிச்சை இல்லாமல் மறுபடி செய்தோம். சூட்டில் நீலம் வெளுத்து, ஒரு மங்கல் சாம்பல் நிறமாய் வந்தது. எனக்குத் திருப்தியில்லை. ஆனால் இனி முட்டைக்கும் முந்திரிக்கும் எங்கே போவது? இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. தட்டைச் சுவர்மேல் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். அவள் குளித்துவிட்டு வந்து நின்றாள். இடித்து மெல்லிய துணியில் சலித்த சர்க்கரைப் பொடியை விரலில் எடுத்தாள். முதல் மக்ரூனில் ஏழு புள்ளி, ஊசி குத்திய அளவு. பிறகு கை அந்தரத்தில் சுற்ற ஆரம்பித்தது. இழை விழுவது தெரியவில்லை, விழுந்தபின்தான் தெரிந்தது. ஆறு கை, ஒவ்வொரு கையிலும் சின்னச் சின்னக் கிளை. சாம்பல் நீலத்தின்மேல் வெள்ளை வெளேரென்று. ஒன்று போல ஒன்று இல்லை. சந்தோஷத்தில் நான் எட்டி எட்டிப் பார்த்ததில் தட்டு ஆடியது. "ஆடாதீங்கக்கா!" என்று அதட்டினாள். என்னை அதட்ட அவளுக்கு அதுவரை தைரியம் வந்ததில்லை.

ஒரே ஒரு குறை. அட்டையில் இருந்தது போல முனைகளைத் திறந்து விட அவள் கை கேட்கவில்லை. ஒவ்வொரு முனையையும் வளைத்துக்கொண்டு வந்து மூடிவிட்டாள். "திறந்தே விடும்மா, பனி அப்படித்தான் இருக்குமாம்" என்றேன். "தொறந்து வுட்டா வூட்டுக்குள்ள கண்டது நுழையும்க்கா" என்றாள். மக்ரூனுக்குள் எது நுழையப்போகிறது என்று கேட்டேன். அவள் அடுத்ததையும் மூடினாள்.

அவளையும் மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போக அண்ணியிடம் நான்தான் போய்க் கேட்டேன். முட்டைப் பதார்த்தம் என்பதையும் சொன்னேன், வேலை விஷயத்தையும் சொன்னேன். "வேலையெல்லாம் நடக்கற கதையா, டீச்சர்? போய்ட்டு வரட்டும். தைக்கு அப்புறம் அவ எங்க போவப் போறா?" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான்.

மக்ரூன்களை வாழைச் சருகு பரப்பி ஒரு பிஸ்கோத்து டின்னில் ஒவ்வொன்றாக அடுக்கினோம். மற்ற ஆசிரியைகள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். அடுத்த பஸ்ஸில் டின் என் மடியில், அவள் ஜன்னலோரம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் படுதாவை இறக்கியும் சாரல் அடித்தது. வழியெல்லாம் வயல்கள் நிரம்பிக் கிடந்தன. அவள் படுதாவை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தும் கடலை அவள் பார்த்ததில்லை. தூரத்தில் ஒரு கீற்றுத் தெரிந்ததும் என் கையை அழுத்தினாள். அந்தப் பஸ்ஸில் எங்கள் இரண்டு பேரைப் போலச் சந்தோஷமாக யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் அக்கா வீடு. ஆசிரியைகள் எல்லாரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். "ஸ்நோ வந்துடுச்சு!" என்று ஒருத்தி கைதட்டினாள். நான் டின்னை மேஜைமேல் வைத்து, ஒரு மந்திரவாதியின் மிடுக்கோடு மூடியைத் திறந்தேன்.

ஒன்றுமே இல்லை. மங்கலாய், வழுக்கையாய், லேசாகப் பளபளத்துக்கொண்டு வெறும் மக்ரூன்கள் கிடந்தன. சருகை விலக்கி அடியடுக்கைப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். மழையின் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்து மக்ரூனின் மேல்புறம் பிசுபிசுத்துப்போய், சர்க்கரை இழைகள் அத்தனையும் அதில் கரைந்துவிட்டன. தூத்துக்குடி வெயிலில் கற்றுக்கொண்ட தொழிலைச் செங்கல்பட்டு மழையில் காட்டப்போன என்னை என்ன சொல்வது?

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா எட்டிப் பார்த்தார். "ஸ்நோன்னா இதுதான். கையில விழுந்ததும் காணாமப் போயிடும். நீ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். திரும்பிப் பார்த்தேன். பின்வீட்டுப் பெண் வாசற்படி ஓரமாக, வெள்ளைப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. தேரைத் தண்ணீர் ஊற்றிக் கலைத்த அன்றைக்கு இருந்த அதே முகம். வாலாஜாபேட்டை முற்றத்தில் ஒரு கல் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"சர்க்கரை இருக்கா?" என்று சமையலறைக்கு ஓடினேன். அவள் பின்னாலேயே வந்தாள். "சர்க்கரை வேணாம்க்கா, மறுபடியும் கரைஞ்சுதான் போவும்" என்றாள். சொல்லிக்கொண்டே அவள் கண் அலமாரியில் நின்றது. அங்கே ஒரு பானையில், கிறிஸ்துமஸ் காலை இடியாப்பத்துக்காக வறுத்துச் சலித்த அரிசி மாவு இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் சர்க்கரையை இடித்து, சலித்து, கோல மாவு மாதிரி ஆக்குகிறோம் என்று பாடாய்ப் பட்டிருக்கிறோம். கோல மாவே கோல மாவாய் அங்கே உட்கார்ந்திருந்தது!

"வறுத்ததுதான், தாராளமா துன்னலாம்" என்றாள். அவள் குரலே மாறிவிட்டது.

தட்டைக் கூடத்து மேஜைக்கே கொண்டுவந்தேன். ஒளித்துச் செய்ய இனி நேரம் எங்கே? "அம்மா, ஸ்நோ இப்பதான் பெய்யப் போகுது. இவ எங்க பின்வீட்டுக்காரரோட தங்கச்சி, எட்டாவது படிச்சிருக்கா, நல்லாத் தைப்பா, பென்சில்தான் இன்னும் பழகல, கையை மட்டும் பாருங்க. எல்லாரும் பேசாம இருங்க" என்று அதட்டினேன். அவள் மேஜை முன்னால் நின்றாள். இத்தனை பேர் பார்க்க அவள் விரல் மாவைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. முதல் புள்ளி சிதறிவிட்டது. ஜன்னல் வழியே கடற்காற்று. நான் குறுக்கே போய் நின்றேன். அது போதவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினார்.

பிறகு மாவு நேராக விழுந்தது. மேலே பிசுபிசுத்துப்போன மக்ரூன் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. சர்க்கரையைவிட இழை மெல்லிசாய், பால் மாதிரி வெள்ளையாய் நின்றது. ஒன்று, இரண்டு, ஐந்து. கூடத்தில் டீக்கோப்பை வைக்கும் சத்தம்கூட இல்லை. நான் மக்ரூனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மக்ரூனைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். "இந்த நிறம் எப்படி வந்துச்சு? அங்க குளிர்காலத்துல வானம் நீலமாவா இருக்கும்? இப்படித்தான் செத்துப்போய் இருக்கும்" என்றார். சங்குப்பூ வெளுத்ததற்காக நான் மனசுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அப்புறம் அவர், "ஆனா ஸ்நோ முனை மூடியிருக்காதும்மா. திறந்திருக்கும். இன்னொண்ணு அப்படிப் போடேன்" என்றார்.

போடுடி, ஒன்றே ஒன்று திறந்து போட்டுவிடு என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் மாவை எடுத்தாள். ஆறு கைகளையும் இழுத்தாள். முனையில் கை நின்றது. ஒரு மூச்சு. பிறகு வளைத்து மூடிவிட்டாள்.

"தொறந்து வுட்டா எனக்கு முடிஞ்ச மாதிரியே தோணலீங்கம்மா" என்றாள். எனக்கு அவளைக் கடலில் தள்ளலாமா என்றிருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மக்ரூனைக் கடித்தார். வறுத்த அரிசி மாவின் வாசனை அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு தரம் கடித்தார். அதை மென்றுகொண்டே யதார்த்தமாகக் கேட்டார். "நல்ல கை. உங்க வீட்டு வாசல்ல தினம் நீதான் போடுவியா?"

அவள் உடுத்தியிருந்தது என்ன புடவை என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, அவர் ஒருவருக்குத்தான் கையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா. எங்க வூட்டு வாசல்ல நான் போடக்கூடாதுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அப்போதுதான் அவளை முழுசாகப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்ள அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"நம்ம ஸ்கூல் வாசல் சும்மாதான் கிடக்கு" என்றார். "பெரிய வாசல். பெருக்க ஆள் இருக்கு, கோலம் போடத்தான் யாரும் இல்ல. ஜனவரியில பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்குக் காலையில வந்துடு. டிராயிங், தையல் ரெண்டு கிளாஸும் உனக்குத்தான். பென்சில் பிடிக்கிறது பழகினா வந்துடும், அதுக்கு நானாச்சு. உங்க அண்ணன்கிட்ட நானே வந்து பேசறேன்."

நான் அழுதுவிட்டேன். ஆசிரியைகளில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அவள் மட்டும் அழவில்லை. விரலில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, ஏதோ கணக்குப் போடுகிறவள் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"எவ்ளோ பெரிய வாசலுங்கம்மா? எத்தினி புள்ளி தாங்கும்?"

"நீயே வந்து வெச்சுப் பாரு" என்று சொல்லிக்கொண்டே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அடுத்த மக்ரூனை எடுத்தார்.